சமைத்தவள் தட்டிலும் கொஞ்சம் சோயா

கண் சொருகினாலும் கம்பீரம் குறையாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! உழைத்து உழைத்து உள்ளங்கை காய்த்த பெரியோர்களே! ஊருக்கெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு ஓரமாய் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! பகல் முழுவதும் வார்டில் நின்றுவிட்டு வந்திருக்கும் ஒரு நர்சின் களைத்த வணக்கம்.

சோயாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எத்தனை மேடைகளில் பேசிவிட்டேன்! புரதம் என்றேன், போய்விட்டார்கள். இதயத்துக்கு இதம் என்றேன், கொட்டாவி விட்டார்கள். அதோ, ஒருவர் இப்போதே விடுகிறார். விடுங்கள் ஐயா, எனக்கும் வருகிறது. அதனால் இன்று என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாமா வெல்டர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். உடம்பு உருகியது, தசை தளர்ந்தது. புரதம் நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். பால் ஒத்துக்கொள்ளாது, முட்டை வாடை ஆகாது, தினமும் கறி வாங்கக் கட்டுப்படியாகாது. என்ன செய்வாள் என் அக்கா? சோயாவை ஊறவைத்தாள், அரைத்தாள், பாலெடுத்துக் காய்ச்சினாள்.

ஒரு வாய் குடித்த மாமா துப்பினார். "ஏம்மா, செவுத்துக்கு அடிக்கிறதை எல்லாம் எனக்கு ஏன் குடுக்கிற?"

"பொங்கினதும் இறக்கிட்டியாக்கா? இன்னும் நல்லா கொதிக்கணும், அப்பதான் பச்சை வாடை போகும்" என்றேன் நான்.

கொதித்தது, வாடை போனது. வடிகட்டிய சக்கையை ரொட்டி மாவில் பிசைந்தாள். பாலைத் திரித்துக் கட்டியாக்கி, மிளகு தூவி வாட்டினாள். சோயா உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டாள். "கறியா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார் மாமா. சாப்பாடும் பயிற்சியுமாய் மாதங்கள் ஓடின. ஒருநாள் சுவரைப் பிடித்து எழுந்தே விட்டார்!

கைதட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது.

அவர் நடக்கத் தொடங்கிய அதே வாரம், அடுப்படியில் அக்கா சுருண்டு விழுந்தாள். என் வார்டுக்கே தூக்கி வந்தார்கள்.

"ஒழுங்கா சாப்பிடறாங்களா இவங்க?" என்றார் டாக்டர்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவருக்குப் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம்னு நினைப்பேன். மிச்சம்தான் இருக்காதுடி" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பில்லை.

ஊன்றுகோலோடு நின்ற மாமாவும் அதைக் கேட்டார். நேரே வீட்டுக்குப் போனார். மறுநாள் தானே காய்ச்சிய சோயா பாலோடு வந்தார்.

"நீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் உக்காரமாட்டேன்."

"அடிபிடிச்சிருக்குங்க" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே சொட்டு விடாமல் குடித்தாள்.

அன்பர்களே! சோயா மருந்தல்ல, மந்திரமல்ல, நல்ல சாப்பாடு. ஒவ்வாதவர்கள் விலக்குங்கள், தைராய்டு மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆனால் அது யார் தட்டில் விழுகிறது? படுத்தவர் தட்டில் மட்டுமா? படிக்கும் பிள்ளை தட்டில் மட்டுமா? பரிமாறும் கைக்குப் பசியே இல்லையா? தாய்மார்களே, மிச்சத்துக்குக் காத்திராதீர்கள், முதலிலேயே எடுத்து வையுங்கள்! ஐயாமார்களே, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வாழ்த்தி, வணங்கி விடைபெறுகிறேன்.