எல்கடுவ ஓடைக்கரைப் பிரம்பு

பொலிஸ் வாக்குமூலம். 2024 ஓகஸ்ட் 15, முற்பகல் 10.20. அப்துல் ஸமத் முஹம்மது றிஸ்வான், வயது 43, முச்சக்கர வண்டி ஓட்டுநர், உக்குவளை. அவர் தமிழில் சொல்வதாவது:

எனது மனைவி மர்வா தென்னை, கித்துள் குடும்பத் தாவரங்களை ஆராய்பவள். பிரம்பும் தென்னைக்குச் சொந்தம் என்பது அவளைக் கட்டிய பிறகே எனக்குத் தெரியும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பிரம்புகளின் இலையை அவள் என் சவர பிளேடால் மெல்லியதாகச் சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து, உள்ளே நார்க்கட்டுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, இது வேறு இனம், அது வேறு இனம் என்று சொல்லிவிடுவாள். நான் தாடி எடுத்ததைக் கவனிக்க அவளுக்கு மூன்று நாள் சென்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கடந்த மாதம் எல்கடுவயில் விஜேந்திரன் அண்ணனின் காணியில், ஓடைக்கரையில் நின்ற இரண்டு பிரம்புப் புதர்களில் அவருடைய அனுமதியுடன் இலை எடுத்தோம். அதன் பிறகு சீவிப் பார்த்ததில் ஒன்று சாதாரணப் பிரம்பு, மற்றது அழிந்துவரும் இனம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் முழுக்க அவள் தேடிக் கண்ட ஒரே புதர் அதுதான். அன்று சந்தோஷத்தில் அவள் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அதன் பிறகு விஜேந்திரன் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். மிளகு நடுவதற்காகக் காணியைத் துப்புரவாக்க இருந்த அவர், "அத மட்டும் விட்டுர்றேன் றிஸ்வான் நானா, அடையாளம் ஒண்ணு போட்டு வைங்க" என்றார்.

அடையாளம் போட்டவன் நான். சாயத்தில் நார்கள் சிவப்பாகத் தெரியும் என்பதால், அரிய இனங்கள் உள்ள பெட்டிக்கு மர்வா சிவப்பு நாடா கட்டுவாள். அவளுக்குப் பிடிக்கும் என்று நானும் அந்தப் புதருக்குச் சிவப்புத் துணி கட்டினேன். வெட்ட வேண்டியதற்குத்தான் வேலையாட்கள் சிவப்புக் குறி போடுவார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கடந்த திங்கட்கிழமை அவர்கள் சாதாரணப் பிரம்பை விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டார்கள்.

மர்வா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றாள். அதன் பிறகு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே போனேன். வெட்டிய குப்பைக்குத் தீ வைக்க ஆயத்தமாக இருந்தார்கள். அடிக்கட்டையின் ஓரத்தில் முழ உயரக் கன்று ஒன்று நான்கு இலையோடு நின்றது. விஜேந்திரன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு கேட்காமலே மண்ணோடு தோண்டி, வண்டியின் பின் இருக்கையில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வருவது போல மெதுவாகக் கொண்டுவந்தேன். கையில் உள்ள கீறல்கள் அதன் முள் கிழித்தவை. மர்வா ஓர் இலையைச் சீவிப் பார்த்து, அதே இனம்தான் என்று சொல்லி, என் தலையில் குட்டிவிட்டு அழுதாள்.

கேட்காமல் எடுத்தேன் என்ற விஜேந்திரன் அண்ணனின் முறைப்பாடு சரியானது. கன்று எங்கள் கிணற்றடி நிழலில் இருக்கிறது. அதைப் பிடுங்கிச் சான்றுப் பொருளாகக் கொண்டுவர வேண்டாம், செத்துவிடும் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியானால் பரிசோதனைக்கு ஓர் இலையாவது வேண்டும் என்று பொலிஸ் உத்தியோகத்தர் சொன்னபோது, என்னுடன் வந்து வாங்கில் அமர்ந்திருந்த மர்வா எழுந்து, "ஸேர், அதுல மூணு இலைதான் மிச்சம். ஒண்ணும் தர ஏலாது. வேணும்னா இவர வச்சிக்கங்க" என்றாள்.

அவள் சொன்னதையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எனக்கு ஆட்சேபனை இல்லை. வாசித்துக் காட்டப்பட்டது, கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை, யாவும் உண்மை.

(ஒப்பம்) அ. மு. றிஸ்வான்