செமிபாட்டு அப்பு

எனக்கு இந்த வயதிலும் சாப்பாடு நன்றாகச் செமிக்கும், ஐயா. அந்த மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தது மருமகனுக்காகத்தான்.

யோகலிங்கம் என் மகள் விமலேஸ்வரியின் புருஷன், வாத்தியார். எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி முரசுமோட்டைக்கு வந்து, என் வீட்டில் என் வயல் அரிசியைத் தின்றுகொண்டிருந்தார். மெல்லாமல் விழுங்குவார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். அந்த மருந்தை வாங்கிவந்த அன்று, போத்தலில் இருந்த இங்கிலீசுச் சொல்லை விரலால் தொட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். டைஜஸ்ட். செமிக்கிறது என்று அர்த்தம்.

போன காலபோக நெல் அறுப்பு முடிந்த கையோடு அவருடைய பள்ளிக்கூடத்து ஆட்கள் சாப்பிட வந்தார்கள். கதிரையில் ஒரு சின்ன இங்கிலீசுப் புத்தகம் கிடந்தது. அட்டையில் அதே எழுத்துகள்.

"தம்பி, இது வயித்து மருந்துப் புத்தகமே?" என்று கேட்டேன்.

சோறு தெறிக்கச் சிரித்தார்கள்.

"ஓம் மாமா, கரைச்சுக் குடியுங்கோ. நல்லா ஏவறை விட்டு வயிறு லேசாகும்," என்றார் மருமகன்.

"மாஸ்ரர், அப்புவுக்கு ரெண்டு பக்கமே போதும்," என்றது இன்னொன்று.

பிறகு அவர்களுக்கு விளக்கினார். பெரிய புத்தகங்களைச் சுருக்கிச் சேர்த்த தொகுப்பாம். லத்தீன் சொல்லாம். பிரித்து ஒழுங்குபண்ணுவது என்று பொருளாம். வயிறு சோற்றுக்குச் செய்வதை இது விசயத்துக்குச் செய்கிறதாம்; இரண்டும் ஒரே சொல்தானாம். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நான் சொன்னதில் என்ன பிழை? "மாமா சொன்னதும் சரிதான்" என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அடுத்த கிழமை சங்கக் கடையில் எனக்குப் பெயர் செமிபாட்டு அப்பு. வாய்க்காலடியிலும் அதே பெயர்.

"பகிடிதானே அப்பு, விடுங்கோவன்," என்று மகளும் சிரித்தாள். விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் மருமகனுக்கு வயிற்று நோ. மகள் கிணற்றடியில். குசினி யன்னலில் இரண்டு மண்ணிறப் போத்தல்கள் இருந்தன; ஒன்று மருந்து, மற்றது நெல்லுக்கு அடிக்கிற நஞ்சு. பேணியில் வார்த்துக் கொடுத்தேன்.

"என்ன மாமா, இப்பிடி மணக்குது?"

"மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கோ தம்பி."

எப்போதும் போல ஒரே விழுங்கு. துடித்தார். மகளைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார். மூச்சு அடங்கும்வரை நான் வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.

இப்போது ஊர் முழுக்க ஒரே கதை. எழுத்துத் தெரியாத கிழவன், போத்தலை மாற்றிக் கொடுத்துவிட்டானாம். "அப்புவுக்கு இங்கிலீசு விளங்காது ஐயா," என்று மகளும் உங்கள் காலடியில் அழுதாள். நீங்களும் பொலிஸ் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிவிட்டுக் கைநாட்டு வைக்கச் சொல்கிறீர்கள்.

வைக்க மாட்டேன். கிழித்துவிட்டுத் திருப்பி எழுதுங்கள். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டவேண்டும். படித்தவர்களை நான் நம்புவதில்லை. அந்த ஒரு சொல் எனக்கு வாசிக்கத் தெரியும். அவர்தான் படிப்பித்தார். அது இருந்த போத்தலை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன்.

ஆனால் அவர் சிரித்ததற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம். அது எனக்கு அன்றைக்கே செமித்துவிட்டது.