நல்லா தாங்குறாரு

கதவைக் கொஞ்சம் சாத்திடட்டுமா டாக்டர்? அவரு வராந்தாவுல நடந்து முடிக்க ஆறு நிமிஷம் ஆகும்னு நர்சம்மா சொன்னாங்க. அதுக்குள்ள சொல்லிடறேன்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் என் வீட்டுக்காரரைப் பத்தித்தான்.

முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பாத்த மனுஷன். எத்தனை மாடி உயரத்துலயும் பயமில்லாம தொங்கினவரு, வால்வு சுருங்கிப் போச்சு, நெஞ்சைத் திறக்கணும்னு பெரிய டாக்டர் சொன்னதும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அப்புறம்தான் நீங்க வந்தீங்க. மருந்தால வால்வுங்கற வாசலைப் பெருசாக்க முடியாது, வெளியில தெருவை அகலமாக்கினா இதயத்துக்குப் பாரம் குறையுதான்னு பாக்கறோம், ரத்தக் குழாயை விரிக்கற மாத்திரைன்னு சொன்னீங்க. இது ஆராய்ச்சி, குடுக்கறது நிஜ மாத்திரையா சும்மா மாத்திரையான்னு உங்களுக்கே தெரியாதுன்னும் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?

ரெண்டாவது வாரம் டாக்டர். ஷேவ் பண்ண உக்காந்தவரு எழுந்திருச்சாரு, அப்படியே சரிஞ்சுட்டாரு. கண்ணு மேல சொருகிடுச்சு. முகமெல்லாம் சோப்பு நுரை. மடியில போட்டுக் கன்னத்தைத் தட்டறேன், கூப்பிடறேன், ஒரு அசைவும் இல்ல. எனக்கு உயிரே போயிடுச்சு. கண்ணைத் திறந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? டாக்டர்கிட்ட சொல்லிடாதே, பேரை எடுத்துடுவாங்கன்னு. என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு.

ஆமா, நெத்தியில இருந்த காயம் அதுதான். கதவுல இடிச்சுக்கிட்டேன்னு உங்ககிட்ட சொன்னாரு. நானும் பக்கத்துலயே உக்காந்து தலையாட்டினேன்.

திட்டுங்க, பரவாயில்ல. ஆனா அவரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வேலையை விட்டப்புறம் பிள்ளைங்ககூட அவரை ஒரு வார்த்தை கேக்கறதில்ல. நீங்கதான் கேட்டீங்க, எத்தனை படி ஏறினீங்க, மூச்சு வாங்குச்சான்னு. அதுக்குன்னே ஒரு நோட்டு வாங்கி எழுதறாரு. காய்கறிக்காரர்கிட்டகூட நான் ஆராய்ச்சியில இருக்கேன்னு பெருமை பேசறாரு. அதை நான் எப்படிப் பிடுங்கறது?

இருங்க, நேரமாகுது. இன்னிக்கு அளவை ரெண்டு மடங்காக்கப் போறீங்களாமே? முதல் மாத்திரையை இங்கேயே குடுத்துடுவீங்களா? மேஜைமேல இருக்கே, அந்தப் புது பாட்டில்தானா?

மருந்தை நல்லா தாங்குறாருன்னு எழுதறீங்களே டாக்டர், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. அவரு எதையும் தாங்கல. விழுந்த அன்னிலேர்ந்து, நாலு மாசமா, அவரு முழுங்கறது என்னோட கால்சியம் மாத்திரை. அதே வெள்ளை, அதே உருண்டை, கண்ணாடி போட்டாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுது எல்லாம் பீரோவுல என் புடவைக்கு அடியில இருக்கு, ஒண்ணுகூடக் குறையாது, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்.

நடை நின்னுடுச்சு. வர்றாரு பாருங்க. நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?