கோளரங்கத்து லிஃப்ட்

— லிஃப்டுக்குள்ள யார் யாரு இருக்கீங்க? சத்தமா சொல்லுங்க!

— நானும் என் மாப்பிள்ளையும். ரெண்டே பேர். கோளரங்கத்துல வர்ணனை சொல்றவன் நான், புரொஜெக்டர் ஓட்டறவர் அவர். நீ யாருப்பா?

— மெக்கானிக் சார். கயிறு நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

— பயமா? எனக்கா? வேலையைப் பாருப்பா.

— மாமா, அந்தக் கோட்டைக் கழட்டுங்க. வேர்த்துக் கொட்டுது.

— இருக்கட்டும். கதவு திறந்ததும் கோளரங்க டைரக்டர் நிப்பார். இப்படியேதான் வெளிய வருவேன். அவர்கிட்ட நீங்க என்ன சொல்லப் போறீங்க, மாப்பிள்ளை?

— நடந்ததைத்தான். நம்ம சூரியன் கடைசியில வெடிச்சுச் சிதறும்னு சொல்லிட்டீங்க. அரங்கம் நெறைய பிள்ளைங்க. ஒண்ணு அழவே ஆரம்பிச்சுடுச்சு.

— வயசான நட்சத்திரம் வெடிக்கத்தானே செய்யும்?

— வெடிக்கறதெல்லாம் ரொம்பப் பெரிய நட்சத்திரம், மாமா. நம்ம சூரியனுக்கு அவ்வளவு எடை ஏது? இத்தனை வருஷமா நீங்களே சொல்லிட்டு வர்றதுதானே? டார்ச்சை அணைச்சு அணைச்சுக் காட்டினேனே. பேச்சு தடம் மாறினா அதானே நமக்குள்ள ஜாடை?

— பார்த்தேன்.

— பார்த்துமா?

— ஊரே உட்கார்ந்திருக்கு. மாப்பிள்ளை மினுக்கினதும் மாமனார் பேச்சை மாத்தறதா? இதோ பாருங்க, தப்பான படம் ஓடிடுச்சு, அதைப் பார்த்துத்தான் மாமா அப்படிச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்கு வயசிருக்கு. என் பேர் கெட்டா குடும்பப் பேரே போச்சு.

— எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வந்தாச்சு. இன்னொண்ணுன்னா வேலை போயிடும். உங்க பொண்ணு முழுகாம இருக்கா. நாங்க குடும்பம் இல்லையா?

— குரலை உயர்த்தாதீங்க. வெளிய கேக்கும்.

— உள்ள எரிய ஒண்ணும் இல்லாமப் போனாத்தான் நட்சத்திரம் வீங்க ஆரம்பிக்கும்னு சொல்லுவீங்க. பக்கத்துல இருக்கறதைத்தான் மொதல்ல முழுங்கும்னும் சொல்லுவீங்க.

— வாயை மூடுங்க!

— சார், கதவு அசையுது! டைரக்டர் இங்கதான் நிக்கறார். மாப்பிள்ளை தப்பான படத்தைப் போட்டுட்டார்னு பெரியவர் லிஃப்ட் ஏறும்போதே சொல்லிட்டுப் போனாராமே? இங்க எல்லாரும் அதையேதான் பேசறாங்க.

— ஏறும்போதேவா, மாமா?

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோட்டைக் கழட்டணும். மெக்கானிக்! டைரக்டருக்குக் கேக்கற மாதிரி சொல்லுப்பா. படத்துல ஒரு தப்பும் இல்ல. சூரியன் வெடிக்காது. வீங்கும், சிவக்கும், மேல இருக்கறதெல்லாம் உதிர்ந்துபோய்ச் சின்னதா, வெள்ளையா நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். தப்பாச் சொன்னது நான்.