மூடியில் எழுதாத கரைசல்

பெயர்: மீராமுகைதீன் பளீல். வயது: 53. முகவரி: கடற்கரை வீதி, சாய்ந்தமருது. தொழில்: பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் இருபத்தொரு வருடம் வேலை செய்து, பதவி உயர்வு கிடைக்காமல் விலகியவன்.

ஆறு வருடங்களாக என் வீட்டில் தோணி விளக்குகளுக்கு மலிவான பற்றரி செய்து வருகிறேன். அசிட்டுக்குப் பதிலாக உப்புக் கரைசல் ஊற்றுவதால் அது தீப்பிடிக்காது, தோலைச் சுடாது. என்னிடம் வேலை பழகிய றினாஸ் இதைத் தன் பெயரில் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். அதன் பின்னர் கரைசலை மாற்றினேன்; புதியதில் என்ன இருக்கிறதென்று எவருக்கும் நான் சொல்லவில்லை. பழைய அசிட் பற்றரிப் பெட்டிகளைக் கழுவி அவற்றிலேயே ஊற்றினேன். என் மனைவி முஸ்பிறா, "மூடியில எதையாவது எழுதி ஒட்டுங்களன்" என்று இரண்டு தடவை சொன்னார். றினாஸ் வாசித்துவிடுவார் என்று நான் ஒட்டவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தோணியில் மீன்பிடிக்கப் போகும் முஸ்பிறாவின் தம்பி சீனிமுகம்மதுவிடம் ஒரு பற்றரி கொடுத்து, கரைசலில் விரலை விட்டுக் காட்டினேன். "குடிச்சாலும் ஒண்டும் ஆகாதோ மச்சான்?" என்று சிரித்தார். "உன்ட தேத்தண்ணிய விட நல்லம்" என்றேன்.

செவ்வாய் காலை தோணி கரைக்கு வந்த பின்னர், அவர் பற்றரியில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, தோணிக்காரர் வழக்கமாகச் செய்வது போல அசிட்டை ஊற்றி மூடியை இறுக்கியுள்ளார். உள்ளேயிருந்த சிங்க் தகட்டில் அசிட் பட்டு, வாயு சேர்ந்து மூடி வெடித்து, இடது கண்ணில் தெறித்துள்ளது.

7.20 மணிக்கு எனக்கு அழைப்பு எடுத்தார். "கண் எரியுது மச்சான், ஆசுபத்திரிக்குப் போகவா?" என்றார். என் பற்றரி வெடித்த செய்தி றினாஸுக்கு எட்டும் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. "அது வெறும் உப்புத்தண்ணி. துடைச்சிட்டு இரு, நான் வாறன்" என்றேன். உள்ளே எதையும் ஊற்றினாயா என்று கேட்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது 8.05 மணி. அவர் சாரனால் கண்ணைப் பொத்திக்கொண்டு தோணி நிழலில் இருந்தார். பக்கத்தில் குடிதண்ணீர்க் கலன் நிரம்பியபடி இருந்தது. நான் துடைக்கச் சொன்னதால் கழுவாமல் இருந்தார். அதன் பின்னரே மணலில் அசிட் போத்தலைக் கண்டேன். கலனிலிருந்த தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றேன்.

நாளை கண்ணின் கட்டை அவிழ்த்த பின்னரே பார்வை பற்றிச் சொல்லலாம் என வைத்தியர் கூறினார். கரைசலில் இருப்பவை சிங்க் சல்பேற்று, சிறிதளவு மங்கனீசு சல்பேற்று, தண்ணீர். இதை வைத்தியருக்கும், கேட்டால் றினாஸுக்கும் கொடுக்கலாம்.

அசிட் ஊற்றியது தன் பிழை என்று சீனிமுகம்மது பொலிசாராகிய உங்களிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளவும். பிழை என்னுடையது.

எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட இவ்வளவும் உண்மை. எவரும் வற்புறுத்தாமல் நானே சொன்னவை.

(ஒப்பம்) மீ. பளீல்