ஒரு சிரிப்பின் இடது பாதி

பேச்சுகளின் நீளத்தையெல்லாம் பொறுமையால் அளந்துகொண்டிருக்கும் எங்கள் திரைப்படச் சங்கத்தின் தலைவர் அவர்களே! இந்தத் திரை வெறும் வெள்ளைத் துணியாக இருந்த நாளிலிருந்து இதன் முன்னால் அமர்ந்துவரும் மூத்தோர்களே! வீட்டு வேலையை வீட்டு ஆண்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்று காதுகொடுக்கும் தோழர்களே! கூடியிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கைகுவித்த வணக்கம்.

நான் அறிஞன் அல்லன், சலவைக் கடைக்காரன். முன்வரிசையில் மின்னும் சட்டைகளில் பாதி என் கையால் மடிப்புக் கண்டவை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், சொல்ல வந்ததே ஒரு சிரிப்பைப் பற்றித்தான்.

நாற்பது ஆண்டுகளாகப் படம் பார்க்கிறேன். படச்சுருள் அறுந்தபோது விசிலடித்திருக்கிறேன். சுருள் போய் வட்டு வந்தது. வட்டு போய் வானத்திலிருந்தே படம் இறங்கியது. எல்லாம் பார்த்தேன். கருவி மாறலாம், காட்சி மாறலாம், கலைஞர் முகத்தில் பிறக்கும் உணர்ச்சி மாறுமா என்று இதே மேடையில் முழங்கினேன். மாறாது என்று நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்று தெரியாமல் இன்று குழம்பி நிற்கிறேன்.

இன்று நாம் பார்க்கப்போகும் படத்தின் கடைசிக் காட்சி உங்களில் பலருக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் பெண். பல ஆண்டுகளுக்கு முன் அவளை விட்டுப்போன கணவன் சன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறான். அவளை அடையாளம் தெரியாமல் ஒரு சீட்டுக் கேட்கிறான். அவள் கிழித்துக் கொடுக்கிறாள். அவன் நகர்ந்த பிறகு சிரிக்கிறாள். பத்தே வினாடிதான். அதில் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. கருணை இருக்கிறதா? இருக்கிறது. விட்டது தொல்லை என்ற விடுதலை இருக்கிறதா? அதுவும் இருக்கிறது! அந்தப் பத்து வினாடிக்காக ஏழு முறை அரங்குக்குப் போனேன். எந்த எந்திரத்தாலும் இந்தச் சிரிப்பைச் சிரிக்க முடியாது என்று நம் சங்க இதழில் நான்கு பக்கம் எழுதினேன்.

இதழ் வந்த வாரம் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நடுத்தர வயதுப் பெண்ணின் குரல்.

"சார், உங்க கட்டுரை படிச்சேன். அந்தச் சிரிப்புல இடது பாதி நான் செஞ்சது. தப்பா எடுத்துக்காதீங்க, சந்தோஷத்துலதான் கூப்பிட்டேன்."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தது வைத்தபடி நின்றேன். கருகிய சட்டையின் உரிமையாளர் இங்கேதான் இருக்கிறார். இன்னொரு முறை மன்னிக்க வேண்டும் ஐயா.

மறுநாளே அவர் வேலைசெய்யும் இடத்துக்குப் போனேன். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை, வரிசையாகக் கணினிகள். கணினியில் காட்சிகளைத் திருத்துவது அவர் தொழில். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திருத்துவதற்கு முன் படம்பிடித்தபடியே இருந்த காட்சியைப் போட்டுக் காட்டினார்.

அன்பர்களே, படப்பிடிப்பு முடியும் தறுவாயில் அந்த நடிகைக்கு முகவாதம் வந்திருக்கிறது. இடப்பக்கம் அசையவில்லை. மற்றக் காட்சிகளில் பக்கவாட்டில் படம்பிடித்துச் சமாளித்துவிட்டார்கள். கடைசிக் காட்சியோ நேர்முகம். வலது உதடு உயர்கிறது, வலது கண் சுருங்குகிறது. இடப்பக்கம் அப்படியே கிடக்கிறது.

அழுதேன். ஆனால் யாருக்காக அழுதேன்? சீட்டுக் கொடுத்தவளுக்காகவா, நோயில் விழுந்த நடிகைக்காகவா? அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

எப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். வலப்பக்கத்தை அப்படியே திருப்பி இடப்பக்கம் ஒட்டினாராம். பொம்மை சிரித்த மாதிரி இருந்ததாம். நடிகையின் பழைய படங்களிலிருந்து எடுத்துப் பார்த்தாராம், வேறொருத்தி சிரித்த மாதிரி இருந்ததாம். பதினொரு நாள் திண்டாடிவிட்டு, மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துத் தானே சிரித்துப் பார்த்து, அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். யாரை நினைத்துச் சிரித்தீர்கள் என்றேன்.

"சீட்டுக் கேட்டாரே, அவரைத்தான் சார். அந்த அம்மாவும் அவரைத்தானே பாத்தாங்க."

இதை நடிப்பு என்பதா, நகாசு வேலை என்பதா? வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். ஏழு முறை பார்த்த மனிதருக்கு ஒரு முறைகூடத் தெரியவில்லையா என்று. நல்ல கேள்வி.

குழப்பம் கோபமாயிற்று. ஒரு மாபெரும் கலைஞரின் முகத்தை மறைத்துவிட்டார்களே என்று கொதித்துக்கொண்டு நடிகையின் வீட்டுக்கே போனேன். வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உண்மையான காட்சியைத்தான் நம் சங்கத்தில் காட்டப்போகிறோம், உண்மை வெல்ல வேண்டும் என்று நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். குழாயை மூடிவிட்டு உட்காரச் சொன்னார்.

"அதைப் பாத்தா உங்களுக்கு என்ன தெரியுது தம்பி?"

உங்கள் துணிச்சல் தெரிகிறது அம்மா என்றேன்.

"நான் துணிச்சலை நடிக்கலையே. சீட்டுக் கொடுக்கறவளைத்தான் நடிச்சேன். உள்ள முழுசாத்தான் சிரிச்சேன். வெளிய பாதிதான் வந்துச்சு."

அப்படியானால் திருத்திய காட்சிதான் உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் திரையில் தன் முகத்தின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பதாகச் சொன்னார். அங்கே இருப்பவள் யாரென்று தெரியவில்லையாம். இதைக் கேட்டு நான் தெளிந்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? வந்த குழப்பத்தோடு இன்னொன்றையும் சுமந்துகொண்டு திரும்பினேன்.

எதைத் திரையிடுவது? நம் செயற்குழு இரண்டாகப் பிளந்தது. தலைவர் ஒரு கட்சி, பொருளாளர் ஒரு கட்சி, செயலாளனாகிய நான் இரண்டு கட்சியும். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. ஒரே முகத்தில் சிரித்த இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சேர்த்துவைத்தால் என்ன?

போன வாரம் கணினிக்காரரை நடிகையின் வீட்டுக்கு அழைத்துப்போனேன். வழியெல்லாம் அவர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்தார். நடிகை அவரை எதிரில் உட்காரவைத்து, கண்ணாடி முன்னால் சிரித்ததை இங்கே சிரித்துக் காட்டச் சொன்னார். அவர் வெட்கப்பட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்துக் காட்டினார். நடிகை கூர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் அதிகம்மா. அவ அவனை மன்னிச்சுட்ட மாதிரி ஆயிடுது. நான் அவ்வளவு மன்னிக்கலை."

பாராட்டோ பழியோ வரும் என்று பயந்திருந்தவர், பையைத் திறந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார். அடுத்த நாளே நடிகை அந்தக் கறுப்புத் துணி அறைக்கு வந்துவிட்டார். கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உதட்டோரத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார், கண்ணை அரை நொடி தாமதிக்கச் சொன்னார், கன்னத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னார். இரண்டு பிற்பகல்கள் இப்படியே போயின. படம் எடுத்து முடித்து ஓராண்டு கழித்து, அசையாத தன் பாதி முகத்தால் அந்த அம்மா நடித்து முடித்தார்! இன்று ஒரு நாள் அதைத் திரையிடத் தயாரிப்பாளரும் இசைந்துவிட்டார்.

பின்னால் ஒருவர் கேட்கிறார், முடிவாக யார் நடித்தது என்று. ஐயா, அது தெரிந்தால் நான் இத்தனை நேரம் பேசியிருப்பேனா? முகம் நடித்ததா, மனம் நடித்ததா, கணினியில் வரைந்த கை நடித்ததா? நான் போற்றிய சிரிப்பில் பாதி எந்திரத்தில் பிறந்தது. அந்த எந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெண் தன் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது ஆண்டு பார்த்தவன் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதில் வெட்கமும் இல்லை. தெரிந்துகொண்டு பார்த்த படங்களுக்கு நான் கைதட்டினேன்; தெரியாமல் பார்க்கப்போகும் இந்தப் படத்துக்கு இப்போதே கைதட்டுகிறேன்!

அவர்கள் இருவரும் இந்தக் கூட்டத்துக்குள்தான் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து தேடாதீர்கள். மேடைக்கு வர மாட்டோம், வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். புதிய அந்தப் பத்து வினாடியை நானும் இன்னும் பார்க்கவில்லை. உங்களோடு உட்கார்ந்து முதல் முறையாகப் பார்க்கப்போகிறேன்.

இத்தனை நேரம் என் குழப்பத்தைச் சகித்த அவைக்கு என் நன்றி. விளக்கை அணைக்கக் காத்திருக்கும் தோழருக்கும் நன்றி. அணைத்துவிடலாம் ஐயா. வணக்கம்.