நெருப்புக்கு மட்டும்

காய்ந்த மணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர் போல ஓடிவிடும். எண்ணெய் குடித்த மணல் ஓடாது, பிடித்த பிடியிலேயே நிற்கும். இதைச் சொல்லப் படிப்பு வேண்டாம் ஐயா, கை போதும்.

எங்கள் வண்டிப் பட்டறையில் ஒரு பழக்கம். தரையில் ஆயிலோ பெட்ரோலோ கொட்டினால், தீயணைக்க வைத்த வாளியிலிருந்து மணலை அள்ளித் தூவுவோம். ஊறியதும் கூட்டி அதே வாளியில் போட்டு மூடிவிடுவோம். வாளியும் குறையாது, தரையும் சுத்தம். இதை ஆரம்பித்து வைத்தவர் போர்மேன், என் தங்கச்சி வீட்டுக்காரர். ஆயில் அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கேட்கத்தான் செய்தேன்.

"மாப்பிள்ளை, நெருப்புக்கு வச்ச மண்ணுல ஆயிலை ஊற வச்சா, அது என்னத்துக்கு ஆகும்?"

"இத்தனை வருசத்துல இங்க தீப்பிடிச்சிருக்கா மச்சான்? பிடிக்கிற அன்னைக்குப் பாத்துக்கலாம், போங்க."

நான் தனியாக ஒரு வாளியில் மணலைச் சலித்துக் காயவைத்து நிரப்பினேன். 'நெருப்புக்கு மட்டும்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதினேன். தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். கொஞ்சம் தள்ளாடித்தான் நின்றது.

மாப்பிள்ளை அதைப் பார்த்து எல்லோரையும் கூப்பிட்டார். "வாங்கடா, மச்சான் கல்வெட்டு வெட்டியிருக்காரு. ஏ வாளி, உனக்காவது படிக்க வருதா?"

பட்டறையே சிரித்தது. பிறகு தின்னரில் நனைத்த துணியை என்னிடம் நீட்டினார். "நீங்களே துடைச்சிருங்க. வண்டி விட வர்றவன் சிரிப்பான்."

துடைத்தேன். 'நெ' மட்டும் சீக்கிரம் போகவில்லை. அந்த வாளியை ஆயில் அறைக் கதவோரம், பழைய மணல் வாளிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

தீப்பிடித்த அன்று காலையில் ஒரு வண்டியின் டேங்கைக் கழற்றும்போது பெட்ரோல் கொட்டியது. வழக்கம்போல மணல் போட்டார்கள். கூட்டி அள்ளி வாளியில் போட்டு மூடியவன் நான்தான். மத்தியானம் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் ஆயில் அறை வாசலில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பொறி உள்ளே தெறித்து எண்ணெய்த் துணிக் குவியலில் பிடித்தது. சின்ன நெருப்புதான். உள்ளே போய்க் காலால் மிதித்துப் பார்த்தார்.

"மச்சான், மண்ணு குடுங்க, சீக்கிரம்."

மூடியைத் திறந்தபோது வாடை முகத்தில் அடித்தது. தூக்கிக் கொடுத்தேன். முழு வாளியையும் அவர் ஒரே வீச்சாகக் கொட்டினார். பின்னால் வரிசையாக ஆயில் டிரம்கள். அவர் வெளியே வரவில்லை. மிச்சத்தை, விசாரிக்க வந்த நீங்களே பார்த்தீர்கள்.

அவசரத்தில் வாளி மாறிவிட்டதா என்று தன்மையாகக் கேட்கிறீர்கள். மாறவில்லை ஐயா. என் கை தப்பு செய்யாது. திரும்ப அதே நாள் வந்தாலும் அதே வாளியைத்தான் கொடுப்பேன். ஊற வைத்தது அவர் பழக்கம், கேட்டதும் அவர் வாய்.

தங்கச்சி என் முகத்தில் விழிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் புரியும். நல்ல மணல் என் முழங்காலை இடித்துக்கொண்டுதான் நின்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாளியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே. அது எதற்கென்று எனக்கு எப்படித் தெரியும்?